நாற்பதில் நின்ற முள்

எங்கள் காரின் மீட்டர் போர்டை நானே கழற்றியதற்குக் காரணம் சாயங்கால வெயில்தான். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை. கொதிகலனின் அழுத்தம், தொட்டிகளின் மட்டம், குழாய்களின் சூடு என்று நாள் முழுக்க முட்களையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். வேலை முடிந்து காரில் ஏறினால் அங்கேயும் முட்கள். ஆனால் அவற்றை மட்டும் படிக்க முடியாது. டயல்களின் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகி, எண்கள் அதிலேயே கரைந்துபோயிருந்தன. மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியும் மஞ்சள் பாய்ந்து கிடந்தது. மணலிப் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழும் நேரத்தில், நான் எந்த வேகத்தில் போகிறேன் என்பதைப் பக்கத்தில் போகும் லாரியைப் பார்த்துத்தான் ஊகித்துக்கொள்வேன்.

அது செகண்ட் ஹேண்ட் வண்டி. காலடிப்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மூலமாக வாங்கியது. சில வருஷம் ஓடாமல் நின்றிருந்த வண்டி என்றும், அந்த வீட்டு அம்மாவுக்கு ஓட்டத் தெரியாததால் கொடுத்துவிடுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். இன்ஜின் நன்றாக இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்தால் மட்டும் புதுக் கயிற்றின் வாசனை லேசாக வரும். எத்தனை தடவை துடைத்தும் போகவில்லை. என் கணவர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். டீசலிலேயே ஊறிப்போன மூக்குக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

புது டயல்களை இணையத்தில் தேடி வரவழைத்தேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எண்கள். மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாமே என்றார் கணவர். நாள் முழுக்க ஊரான் முள்ளையெல்லாம் கழற்றி மாட்டுகிறவளுக்கு வீட்டு முள்ளைத் தொட என்ன பயம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். அவர் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போய்விட்டார். திருவொற்றியூரில் எங்கள் தெரு கடலைப் பார்த்து முடிகிறது. காரை அந்த முனையில், வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தேன்.

வேலை கஷ்டமானதல்ல. முதலில் பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கும் உறை, அதன் உள்ளே ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்கள், முதுகுப்பக்கம் சொருகியிருக்கும் ஒயர்க் கொத்து. மீட்டர் போர்டு மொத்தமாக மடியில் வந்து உட்கார்ந்தது. எடை குறைவாகத்தான் இருந்தது. மஞ்சள் மூடியைச் சுற்றியிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன்.

மூடியை எடுத்ததும் வேகத்தின் டயலில் இரண்டு முட்கள் தெரிந்தன.

ஒன்று சிவப்பு முள். எப்போதும்போலப் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தது. இன்னொன்று கறுப்பாக, நாற்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏதோ தூசு என்று ஊதினேன். துணியால் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அது டயலின் மேல் இல்லை, டயலிலேயே இருந்தது. இரண்டு டீஸ்பூன்களைத் துணி சுற்றி இருபக்கமும் கொடுத்து சிவப்பு முள்ளை நெம்பி எடுத்து, அந்தக் கறுப்புக்கு மேல் வைத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து வால்வரை அச்சாகப் பொருந்தியது.

ஒரே தகட்டில் இருந்த மற்ற டயல்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படி ஒரு முள் இருந்தது. இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டயலில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சூட்டின் டயலில் நடுவில். பெட்ரோல் டயலில் பாதியில்.

அது என்னவென்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. வருஷக்கணக்கில் வெயில் அடித்து டயல் முழுக்க வெளுத்திருக்கிறது. முள் மறைத்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. பழைய காலண்டரைக் கழற்றினால் சுவரில் அந்த இடம் மட்டும் புதுசாகத் தெரிவதைப்போல. அப்படியென்றால் இந்த வண்டி வெயிலில் நின்றிருந்த வருஷமெல்லாம் முட்கள் பூஜ்ஜியத்தில் இல்லை. வண்டி அசையாமல் நின்றிருக்கிறது, முட்கள் நாற்பதில் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

இது எப்படி நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பி நிறுத்தினால் டயலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மோட்டார்கள் முட்களை ஒழுங்காகக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஓயும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் மொத்தமாக அறுந்துபோனால் அதற்கு நேரம் கிடைக்காது. முட்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் தொழிற்சாலையிலும் சில மீட்டர்கள் அப்படித்தான். கரண்ட் போன பிறகும் கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். அதை நம்பி வால்வைத் திறக்கக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்.

கணவர் மீனோடு வந்ததும் காட்டினேன். பையைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன்.

"வண்டி நின்னுகினு இருந்துச்சு, முள்ளு மட்டும் ஓடிக்கினு இருந்துச்சா?" என்று கேட்டார். பிறகு, "அத்த தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுமே" என்றார்.

புது டயல்களை மாட்டினேன். முட்களை அழுத்திப் பொருத்தி, மீட்டர் போர்டை அதன் குழியில் உட்காரவைத்து, பேட்டரியை இணைத்தேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினேன், இன்ஜினைக் கிளப்பவில்லை. எல்லா முட்களும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு அடங்கின. வேகத்தின் முள் மட்டும் மெதுவாக மேலே ஏறி, நாற்பதில் போய் நின்றது.

கணவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். அவசரத்தில் முள்ளைச் சரியான இடத்தில் வைத்து அழுத்தவில்லை. மோட்டார் தன் பூஜ்ஜியத்துக்குப் போகும்போது முள்ளையும் கூடவே தப்பான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. யாருக்கு வேண்டுமானாலும் நடக்கிற தப்பு. இருபதில் நின்றிருக்கலாம், நூறில் நின்றிருக்கலாம். நாற்பதில் நின்றது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, முள்ளை எடுத்து, பூஜ்ஜியத்தில் வைத்து அழுத்தினேன். அப்புறம் சரியாக இருந்தது. அன்றைக்கு அவர் அந்த வண்டியில் மறுபடி உட்காரவில்லை. வாங்கிவந்த வஞ்சிரத்தை நான் குழம்பு வைத்தேன், இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து நேராகக் காலடிப்பேட்டைக்குப் போனேன். பழைய டயலை எடுத்துக் காட்டியதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை, சொன்னால் வண்டியை யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் சொல்லவில்லை என்றார்.

வண்டியின் சொந்தக்காரர் ராயபுரத்தில் கடை வைத்திருந்தவர். படகுகளுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய கயிறு, சங்கிலி, கொக்கி விற்கும் கடை. ஒருநாள் மத்தியானத் தொழுகை முடிந்ததும், எண்ணூரில் ஒரு லாட் கயிறு வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடலோர ரோட்டில் அவருடைய கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது. முகம் ராயபுரத்தைப் பார்த்து இருந்தது. சாவி அதிலேயே இருந்தது. செல்போன் சீட்டில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. அவர் இல்லை.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் அந்த ரோட்டோரத்தில் எப்போதும் வரிசையாக நிற்கும். அதில் ஒரு டிரைவர் பார்த்திருக்கிறார். கார் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து நின்றதாம். உள்ளேயிருந்து ஒருவர் இறங்கி, பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து கடல் பக்கம் போனாராம்.

"யாரோ பேரு சொல்லி கூப்ட்டா போவாங்க பாரு, அப்பிடி போனாருன்னு சொன்னாம்மா அந்தாளு," என்றார் மெக்கானிக்.

தேடினார்கள். குப்பத்து ஆட்கள் படகில் போய்த் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கார் சில வருஷம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றது. அந்த அம்மா வெள்ளிக்கிழமைதோறும் போய் அதன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு வருவாராம். கடைசியில் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஃப்யூஸ் எரிந்துபோயிருந்தது, அதனால்தான் ஓட்டத்தில் எல்லாம் ஒரேயடியாகச் செத்திருக்கிறது. அதை மாற்றி, வேறு பேட்டரி வைத்து, சாவியைத் திருப்பினாராம்.

"நாலு முள்ளும் ஒண்ணா வுழுந்துச்சும்மா. அந்தம்மா வெளியே நின்னு பார்த்துக்கினு இருந்துச்சு. 'நின்னுட்டாரு'ன்னு சொல்லிச்சு. அழுவல. அத்த மட்டும் சொல்லிச்சு."

அந்த வார்த்தையோடு நான் வீட்டுக்கு வந்தேன். பழைய டயலைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டுக்குள் வைக்கக் கணவர் விடவில்லை. செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் போட்டேன்.

நான் டயலை மாற்றிய விஷயத்தை மெக்கானிக்தான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஐம்பதை நெருங்கிய பெண். கறுப்பு புர்கா, முகம் திறந்திருந்தது. கழுத்தில், கணவர் இருக்கும் பெண்கள் போட்டுக்கொள்ளும் கருகமணி. தான் யார் என்று சொல்லி, வண்டியை ஒருதடவை பார்க்கலாமா என்று கேட்டார். உள்ளே அழைத்து டீ கொடுத்தேன். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து மரியாதையாகப் பேசினார்.

காருக்குள் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அது அவருடைய இடமாக இருந்திருக்கும். வெள்ளை டயல்களைப் பார்த்தார். பழசு எங்கே என்று கேட்டார். கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். ஆனால் கேட்டவர் அவர். டிக்கியிலிருந்து எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். அந்தக் கறுப்பு முட்களைக் குனிந்து பார்த்தார். விரலால் வேகத்தின் முள்ளைத் தடவினார். அந்த ரோட்டில் தன் வீட்டுக்காரர் எப்போதும் நாற்பதைத் தாண்டமாட்டார், குப்பத்துப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் என்பார், என்றார்.

பிறகு பெட்ரோல் டயலில் விரல் நின்றது.

"இது இன்னாம்மா காட்டுது?"

பாதி டேங்க் என்றேன்.

அவர் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். காணாமல்போன அன்று காலையில் அவர் தன்னை டாக்டரிடம் கூட்டிப்போனார், திரும்பும்போது வண்ணாரப்பேட்டை பங்கில் டேங்க் நிறையப் போட்டார், பங்க் ஆள் வழியவிட்டு அவர் சட்டைக் கையெல்லாம் பெட்ரோல், வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டுதான் தொழுகைக்குப் போனார் என்று சொன்னார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்ப எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று என்னைக் கேட்டார்.

அவ்வளவு குறைந்த தூரத்துக்கு, நிறைந்த டேங்க்கைக் காட்டும் முள் ஓரத்தைவிட்டு அசைந்திருக்கவே கூடாது. எனக்குத் தெரிந்தவரையில் எல்லாக் காரணங்களையும் யோசித்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்றபோது யாராவது பெட்ரோலை உறிஞ்சியிருக்கலாம். ஆனால் முள் அதற்கெல்லாம் முன்பே நின்றுவிட்டது. டேங்க் ஒழுகியிருக்கலாம். இல்லையென்று மெக்கானிக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அதே டேங்க்கில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். வண்டி அன்று மத்தியானம் வெகுதூரம் போய்வந்திருக்கிறது என்றேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

"எங்க?"

"தெரியலக்கா."

அவர் டயலைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றினார். பிறகு, அன்று வண்டி நின்ற இடத்துக்குக் கூட்டிப்போகிறாயா என்று கேட்டார். அதுவரை யாரும் தன்னை அங்கே போகவிடவில்லை என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நானும் வருகிறேன் என்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன்.

கடலோர ரோட்டில் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் சிலர் வண்டிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் மேற்கில், மணலி ஆலையின் உச்சியில் எரியும் ஜ்வாலை வானத்தில் ஒரு மூலையைச் சிவப்பாக்கியிருந்தது. அவர் சொல்லாமலே நான் நாற்பதில்தான் போனேன். இடம் எனக்குத் தெரியாது. மெக்கானிக் சொன்ன அடையாளத்தை வைத்து, கருங்கல் கொட்டிய கரையில் படகுகள் கவிழ்த்துவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. காற்று இல்லை.

அவர் இறங்கினார். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அவர் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் இருந்த சந்தில் போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை, தயங்கவும் இல்லை. வீட்டுக்குள் அடுத்த அறைக்குப் போவதைப்போலப் போனார். நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்தச் சந்து அகலம் குறைந்தது, இருபக்கமும் கன்டெய்னர் சுவர்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்தப் பக்கம் வெளியே வந்தபோது அவர் கருங்கற்களின் மேல் ஏறி, கடலைப் பார்த்து ஒரு காலைக் கீழே வைக்கப் போனார். நான் போய்க் கையைப் பிடித்தேன். கை அப்படிச் சில்லிட்டிருந்தது.

தூக்கத்திலிருந்து எழுந்தவரைப்போல என்னைப் பார்த்தார்.

"நீயாம்மா கூப்ட்ட?"

"ஆமாக்கா. நான்தான் பின்னாலேர்ந்து கூப்பிட்டேன்."

"இல்ல," என்றார். "முன்னாலேர்ந்து கூப்ட்டாங்க."

எங்களுக்கு முன்னால் கல்லும் தண்ணீரும்தான் இருந்தன. அலைகூடப் பெரிதாக இல்லை. தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களில் விளக்கு போட்டிருந்தார்கள். நான் அவர் கையை விடாமல் அப்படியே நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது. அதனால் சத்தமாக, வாங்கக்கா, போலாம் வாங்க, இருட்டிப்போவும், என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே அவரைச் சந்து வழியாக இழுத்துவந்தேன். அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் ஒருவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். யாராவது கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று அவரிடம் கேட்கலாமா என ஒரு கணம் தோன்றியது, கேட்கவில்லை.

ராயபுரம்வரை நானே கொண்டுபோய் விட்டேன். வழியில் அவர்தான் பேசினார். கணவனை இழந்த பெண் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவை அவர் இருக்கவே இல்லை. சொந்தக்காரர்கள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்களாம்.

"மையத்தே இல்லாம, ஒடம்பே கெடைக்காம எப்பிடிமா உக்கார்றது? அந்த முள்ளு நிக்கிற வரைக்கும் எங்கியோ போயிகினு கீறாருன்னு இருந்தேன். அது வுழுந்தப்புறமும் மனசு வர்ல."

கல்மண்டபம் சிக்னலில் நின்றபோது, "எங்க போனாரோ, எனக்கு வாணாம். வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தாரு. அது போதும்" என்றார். இறங்கும்போது பழைய டயலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெயிலில் வைத்தால் இந்தக் கறுப்பும் வெளுத்துவிடுமா என்று கேட்டார். கொஞ்ச மாதத்தில் வெளுத்துவிடும் என்றேன். அதை என்ன செய்தார் என்று நான் பிறகு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன், கூப்பிட்ட விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. இரண்டு நாள் கழித்து அதையும் சொன்னேன். அவர் வண்டியை விற்றுவிடலாம் என்றார். வண்டி ஒன்றும் செய்யவில்லை என்றேன். அது உண்மைதான். வண்டி ஏன் ஓட்டத்தில் செத்தது, முள் ஏன் நின்றது, டயல் ஏன் வெளுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அன்று மத்தியானம் வண்டி எங்கே போனது என்பதற்கும், அது நின்ற பிறகு நடந்ததற்கும்தான் இல்லை.

அந்த அம்மா இத்தா இருக்க உட்கார்ந்துவிட்டார் என்று மெக்கானிக் சொன்னார். அது முடிந்ததும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கழுத்தில் கருகமணி இல்லை. முகம் தெளிந்திருந்தது. கயிற்றுக் கடையைத் திரும்பத் திறந்திருந்தார். நைலான் கயிறு விலை ஏறிவிட்டதையும், படகுக்காரர்கள் கடன் சொல்வதையும் பேசினார். அந்தச் சாயங்காலத்தின் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த ரோட்ல வெளக்கு வெக்கிற நேரத்துல போவாதம்மா" என்றார்.

கடலோர ரோட்டை விட்டுவிட்டு, இப்போது நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகத்தான் வேலையிலிருந்து திரும்புகிறேன். சந்தையும் பஸ்ஸும் ஆட்டோவுமாக நெரிசல், வீடு வந்து சேர நேரமாகிறது. ஏன் இவ்வளவு நேரம் என்று கணவர் ஒருநாளும் கேட்டதில்லை.